எத்தனை யானை மிஞ்சும்? முறைவைத்து நடக்கும் சண்டையை கிளாஸ்களாக எழுதுவது

பைத்தான் நிரல்மொழியில் லூப், லிஸ்ட், ஃபங்ஷன் வரை வந்துவிட்டவர்கள் அடுத்து கிளாஸ் பாடத்தில் தடுக்கி நிற்பார்கள். கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கு என்ன தகவல் உண்டு, அது என்ன செய்யும் என்பதை ஒன்றாக எழுதிய அச்சு. அந்தப் பாடத்தில் வழக்கமாக ஒரு நாய் குரைக்கும், ஒரு கார் ஓடும், ஒரு மாணவருக்குப் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும். எழுதி முடித்ததும், "இதற்கு எதற்கு கிளாஸ், ஒரு டிக்‌ஷனரி போதாதா?" என்று தோன்றும். நியாயமான கேள்விதான். அந்த உதாரணங்களில் எதுவும் மாறுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று மோதுவதும் இல்லை. பல பொருள்கள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வேலையை எடுத்தால்தான் கிளாஸின் அருமை தெரியும். இரண்டு படைகள் முறைவைத்து அடித்துக்கொள்ளும் சண்டை அதற்குத் தோதான வேலை.

கிளாஸ் என்ற யோசனை பிறந்ததே இப்படிப்பட்ட வேலைக்காகத்தான். 1960களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலக நடப்புகளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கான மொழி என்பது பெயரிலேயே தெரிகிறது. அதன் 1967 வடிவத்தில்தான் கிளாஸ், அந்த அச்சில் வார்த்தெடுக்கும் ஆப்ஜெக்ட் எல்லாம் இன்று நாம் அறிந்த உருவத்துக்கு வந்தன. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2001-ஆம் ஆண்டுக்கானது, இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆக, ஒரு சிமுலேஷனை எழுதி ஆப்ஜெக்ட்டைக் கற்றுக்கொள்வது சுற்றுவழி இல்லை, நேர்வழிதான்.

விதிகளை நானாக உண்டாக்கவில்லை. 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்று டிசம்பர் மாதத்தில் நாளுக்கொரு நிரல் புதிர் வெளியிடும் தளம் 2015 முதல் நடக்கிறது. 2018 டிசம்பர் 24-ஆம் நாள் புதிரில் உடலின் நோய் எதிர்ப்புப் படையும் தொற்றுக்கிருமிப் படையும் மோதும். அந்தச் சண்டை விதிகளை எடுத்துக்கொண்டு, படைகளை மட்டும் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிறியதாக மாற்றியிருக்கிறேன். ஒரு கோட்டைப் படை, அதை முற்றுகையிடும் படை.

கோட்டைப் படை:
வில்லாளிகள்: எண்ணிக்கை 40, உயிர் 30, அடி 9, வகை அம்பு, வேகம் 3
ஈட்டிக்காரர்கள்: எண்ணிக்கை 25, உயிர் 50, அடி 12, வகை குத்து, வேகம் 1, பலவீனம் தீ

முற்றுகைப் படை:
யானைகள்: எண்ணிக்கை 6, உயிர் 400, அடி 70, வகை மிதி, வேகம் 2, பலவீனம் குத்து, தடுப்பு அம்பு
தீப்பந்தக்காரர்கள்: எண்ணிக்கை 32, உயிர் 20, அடி 10, வகை தீ, வேகம் 4, பலவீனம் அம்பு

உயிர், அடி இரண்டும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒரு குழுவின் பலம் என்பது எண்ணிக்கையை அடியால் பெருக்கினால் வருவது. வில்லாளிகளுக்கு 360, ஈட்டிக்காரர்களுக்கு 300, யானைகளுக்கு 420, தீப்பந்தக்காரர்களுக்கு 320. எதிரிக்குப் பலவீனமான வகையால் அடித்தால் சேதம் இரட்டிப்பாகும். தடுப்பு உள்ள வகையால் அடித்தால் பூஜ்யம். சேதத்தை எதிரியின் உயிரால் வகுத்தால் வரும் முழு எண்தான் சாகிறவர்களின் எண்ணிக்கை. மீதியைக் கணக்கில் கொள்வதில்லை. அரைக்காயம் பட்டவர் அடுத்த சுற்றில் முழு ஆளாக எழுந்து வருவார். நிஜத்துக்குப் பொருந்தாது என்றாலும் கணக்குக்கு வசதி.

ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கட்டங்கள். முதலில் எல்லாக் குழுக்களும் இலக்கைத் தேர்ந்தெடுக்கும். பிறகு வேகம் அதிகமுள்ள குழுவிலிருந்து தொடங்கி வரிசையாக அடிக்கும். தேர்வுக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இந்தக் கோடு முக்கியம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

சரி, முதல் கிளாஸ். ஒரு குழுவுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். தன் எண்ணிக்கை தெரியும், தன் பலம் தெரியும், ஒரு எதிரியைக் காட்டினால் அதற்குத் தன்னால் எவ்வளவு சேதம் என்று சொல்லத் தெரியும், அடி விழுந்தால் எத்தனை பேரை இழக்க வேண்டும் என்று தெரியும். அவ்வளவுதான்.

கிளாஸ் குழு
    பெயர், படை, எண்ணிக்கை, உயிர், அடி, வகை, வேகம், பலவீனம், தடுப்பு

    பலம்()
        திருப்பு: எண்ணிக்கை × அடி

    சேதம்(எதிரி)
        வகை எதிரியின் தடுப்பில் இருந்தால் திருப்பு: 0
        வகை எதிரியின் பலவீனத்தில் இருந்தால் திருப்பு: பலம்() × 2
        இல்லையென்றால் திருப்பு: பலம்()

    அடிவாங்கு(அளவு)
        செத்தவர்கள் = அளவை உயிரால் வகுத்த முழு எண்
        செத்தவர்கள் எண்ணிக்கையைத் தாண்டினால், செத்தவர்கள் = எண்ணிக்கை
        எண்ணிக்கையிலிருந்து செத்தவர்களைக் கழி
        திருப்பு: செத்தவர்கள்

இது புரிவதற்காகத் தமிழில் எழுதியது. பைத்தான் 3-இல் வேரியபிள், மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) பெயர்களை நிஜமாகவே தமிழில் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் யானைக்கு ஒரு கிளாஸ், வில்லாளிக்கு ஒரு கிளாஸ் என்று எழுதி, இரண்டையும் குழுவின் வாரிசாக, அதாவது அதில் எழுதியதையெல்லாம் அப்படியே பெற்றுக்கொள்ளும் கிளாஸ்களாக, ஆக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். யானைக்கும் வில்லாளிக்கும் வேறுபடுவது எண்களும் வகைப் பெயர்களும்தான், நடத்தை ஒன்றேதான். எண் வேறுபட்டால் அது வேறு ஆப்ஜெக்ட். நடத்தை வேறுபட்டால் மட்டுமே வேறு கிளாஸ். நாளைக்கே அடிக்காமல் காயத்துக்கு மருந்து போடும் வைத்தியர் குழு ஒன்று வந்தால், அப்போது வாரிசு கிளாஸைப் பற்றி யோசிக்கலாம். இந்த நிரலுக்கு ஒரே கிளாஸிலிருந்து நான்கு ஆப்ஜெக்ட் போதும்.

பலத்தை மெத்தட்டாக எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? குழுவை உருவாக்கும்போதே 300 என்று கணக்குப் போட்டு ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தக் கேள்விக்கான பதிலை வையுங்கள். அதைக் காட்டத்தான் முதல் சுற்றை முழுக்க ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.

இலக்குத் தேர்வில் பலம் அதிகமுள்ள குழு முதலில் தேர்ந்தெடுக்கும். தன்னால் யாருக்கு அதிகச் சேதமோ அவரே இலக்கு; சேதம் சமமாக இருந்தால் பலம் அதிகமுள்ள எதிரி; அதுவும் சமமென்றால் வேகம் அதிகமுள்ள எதிரி. ஒரு எதிரியை ஒருவர்தான் தேர்ந்தெடுக்கலாம். யாருக்குமே சேதம் செய்ய முடியாதென்றால் அந்தச் சுற்றில் சும்மா இருக்க வேண்டியதுதான்.

யானைகள் 420 பலத்துடன் முதலில் வருகின்றன. இரண்டு எதிரிக்கும் சேதம் 420-தான். சமம் என்பதால் பலம் கூடிய வில்லாளிகள் இலக்கு. அடுத்து வில்லாளிகள். யானைத் தோலில் அம்பு ஏறாது, பூஜ்யம். தீப்பந்தக்காரர்களுக்கு இரட்டிப்பு, 720. அவர்களே இலக்கு. தீப்பந்தக்காரர்களுக்கு மிச்சம் இருப்பது ஈட்டிக்காரர்கள், தீ அவர்களின் பலவீனம், சேதம் 640. கடைசியாக ஈட்டிக்காரர்கள் யானையைக் குறிவைக்கிறார்கள். இப்போதைய பலத்தில் சேதம் 600.

இனி அடி. வேகம் 4 உள்ள தீப்பந்தக்காரர்கள் முதலில். 640-ஐ 50-ஆல் வகுத்தால் 12. ஈட்டிக்காரர்கள் 25-லிருந்து 13 ஆகிறார்கள். அப்புறம் வில்லாளிகள். 720-ஐ 20-ஆல் வகுத்தால் 36. இருப்பதே 32 பேர், தீப்பந்தக் குழு மொத்தமாகக் காலி. அடுத்து யானைகள். 420-ஐ 30-ஆல் வகுத்தால் 14; வில்லாளிகள் 26 ஆகிறார்கள். கடைசியாக ஈட்டிக்காரர்கள். இப்போது அவர்கள் 13 பேர்தான். 13 × 12 × 2 = 312. யானையின் உயிர் 400. ஒரு யானைகூடச் சாகவில்லை.

தேர்வின்போது 600 என்று கணக்குப் போட்டோமே? அந்த எண் பழையதாகிவிட்டது. தேர்வுக்கும் அடிக்கும் நடுவில் 12 பேர் போய்விட்டார்கள். பலத்தை உருவாக்கும்போதே சேமித்து வைத்திருந்தால், நிரல் 600-ஐ 400-ஆல் வகுத்து ஒரு யானையைக் கொன்றிருக்கும். ஒரு யானைதானே என்று விட முடியாது. சரியான கணக்கில் இந்தச் சண்டை ஐந்தாவது சுற்றில் முற்றுகைப் படையின் வெற்றியில் முடியும். 6 யானைகளும் அப்படியே நிற்கும். பலத்தைச் சேமித்து வைத்த நிரலிலும் ஐந்தாவது சுற்றில்தான் முடியும், முற்றுகைப் படைதான் ஜெயிக்கும், ஆனால் 2 யானைகள்தான் மிஞ்சும். வெற்றியாளர் சரி, சுற்று சரி, விடை தப்பு. எரர் எதுவும் வராது. மிக மோசமான பக் இந்த ரகம்தான். ஒரு எண்ணை மற்ற எண்களிலிருந்து கணக்கிட முடியுமென்றால் அதைச் சேமிக்காதீர்கள், கேட்கும்போது கணக்கிட்டுக் கொடுங்கள். இந்த அளவு நிரலில் பெருக்கலுக்கு ஆகும் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி: இலக்கைத் தேர்ந்தெடுக்கும் விதி எங்கே இருக்க வேண்டும்? குழுவே தன் இலக்கைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு எதிரியை ஏற்கெனவே வேறொருவர் எடுத்துக்கொண்டாரா என்பது அந்தக் குழுவுக்குத் தெரியாது. பரிமாறுகிறவருக்குத்தான் எந்த இலைக்கு என்ன விழுந்தது என்று தெரியும், இலையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எனவே எல்லாக் குழுக்களையும் பார்க்கக்கூடிய இன்னொரு கிளாஸ் வேண்டும்.

கிளாஸ் சண்டை
    குழுக்கள்

    உயிருள்ளவை()
        திருப்பு: எண்ணிக்கை 0-க்கு மேல் உள்ள குழுக்கள்

    இலக்குத்தேர்வு()
        ஜோடிகள் = காலி டிக்‌ஷனரி
        உயிருள்ள ஒவ்வொரு குழுவுக்கும், பலம் பிறகு வேகம் என்ற இறங்கு வரிசையில்:
            வேறு படையைச் சேர்ந்த, இன்னும் யாரும் எடுக்காத, சேதம் 0-க்கு மேல் வரும் எதிரிகளில்
            (சேதம், எதிரியின் பலம், எதிரியின் வேகம்) மூன்றும் சேர்ந்து மிகப் பெரியதாக உள்ளவரை எடு
            ஜோடிகளில் சேர்
        திருப்பு: ஜோடிகள்

    சுற்று()
        ஜோடிகள் = இலக்குத்தேர்வு()
        மொத்தம் = 0
        உயிருள்ள ஒவ்வொரு குழுவுக்கும், வேகத்தின் இறங்கு வரிசையில்:
            குழு செத்துப்போயிருந்தால் அல்லது இலக்கு இல்லையென்றால் தாண்டு
            மொத்தம் = மொத்தம் + இலக்கு.அடிவாங்கு(குழு.சேதம்(இலக்கு))
        திருப்பு: மொத்தம்

மூன்று சமநிலை விதிகளுக்கும் தனித்தனியே நிபந்தனை எழுதத் தேவையில்லை. பைத்தானில் டியூப்பிள்களை, அதாவது அடைப்புக்குள் வரிசையாக வைத்த மதிப்புகளை, ஒப்பிடும்போது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிடும். முதலாவது சமமாக இருந்தால்தான் இரண்டாவதுக்குப் போகும். அடைப்புக்குள் மூன்றையும் வரிசையாகப் போட்டு மிகப் பெரியதைக் கேட்டால் வேலை முடிந்தது.

ஜோடிகளைக் குழு ஆப்ஜெக்ட்டுக்குள் வைக்காமல் சுற்றுக்குள்ளேயே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. இலக்கு என்பது ஒரு சுற்றுக்கு மட்டும் ஆயுள் உள்ள விஷயம். குழுவுக்குள் 'என் இலக்கு' என்று வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் துடைக்க மறக்காமல் இருக்க வேண்டும். மறந்தால் போன சுற்றில் செத்த குழுவையே வில்லாளிகள் விடாமல் எய்துகொண்டிருப்பார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: குழுவை டேட்டாகிளாஸாக (வழக்கமான சில மெத்தட்களைப் பைத்தானே எழுதித் தரும் கிளாஸ் வகை) எழுதிவிட்டு அதை டிக்‌ஷனரியின் சாவியாக வைக்கப் போனால் பைத்தான் டைப் எரர் காட்டும். சாதாரண கிளாஸாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

அடிக்கும் லூப்பில் 'செத்துப்போயிருந்தால் தாண்டு' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சுற்று தொடங்கும்போது உயிரோடிருந்த குழு தன் முறை வருவதற்குள் செத்திருக்கலாம். செத்த குழுவை உடனே லிஸ்ட்டிலிருந்து நீக்கிவிடலாமே என்றால், லூப் ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டிலேயே நீக்கினால் அடுத்த குழுவின் முறை சத்தமில்லாமல் தவறிப்போகும். நீக்காமல் தாண்டுவதே நிம்மதி.

இனி இரு படைகளிலும் ஆள் இருக்கும்வரை சுற்றைத் திரும்பத் திரும்ப அழைத்தால் சண்டை முடிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? முடியாமலும் போகலாம். ஒரே ஒரு யானை, அதன் அடி 70-க்குப் பதில் 40 என்று வையுங்கள். எதிரே 10 ஈட்டிக்காரர்கள். யானையின் சேதம் 40, ஈட்டிக்காரரின் உயிர் 50, யாரும் சாகவில்லை. ஈட்டிக்காரர்களின் சேதம் 10 × 12 × 2 = 240, யானையின் உயிர் 400, யானையும் சாகவில்லை. அடுத்த சுற்றும் இதே, அதற்கடுத்ததும் இதே. நிரல் பதில் சொல்லாமல் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் சுற்று() மெத்தட் செத்தவர்களின் மொத்தத்தைத் திருப்பித் தருகிறது. இந்த விதிகளில் பகடை கிடையாது. ஒரு சுற்றில் எதுவும் மாறவில்லை என்றால் இனி எந்தச் சுற்றிலும் மாறாது. மொத்தம் 0 என்றால் 'இழுபறி' என்று சொல்லி வெளியே வந்துவிடலாம். பகடை உருட்டும் விளையாட்டாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, ஏனென்றால் அடுத்த உருட்டலில் அடி விழலாம்.

நிரல் ஓடுகிறது, ஏதோ ஒரு விடை வருகிறது. அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிறிய சண்டையைக் கையால் போட்டுப் பார்ப்பது ஒரு வழி, மேலே செய்ததுதான். இன்னொரு வழி 1916-இல் இருந்தே இருக்கிறது. பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்த ஆண்டில் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு விதியை விளக்கினார். திறமை சமமான இரு படைகள், எல்லோரும் எல்லோரையும் அடிக்கக்கூடிய நிலை. அப்படியானால் மிஞ்சுகிறவர்களை எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்திலிருந்து கணக்கிடலாம். 100 பேரும் 80 பேரும் மோதினால் 10,000-லிருந்து 6,400 போக 3,600, அதன் வர்க்கமூலம் 60. பெரிய படையில் 60 பேர் மிஞ்சுவார்கள். 20 பேர்தான் கூடுதல், மிஞ்சுவதோ 60 பேர்! ஆள் குறையக் குறைய அடியும் குறைவதால் சிறிய படை வேகமாகக் கரைகிறது.

நம் விதியிலும் சேதம் எண்ணிக்கையைப் பொறுத்தே இருப்பதால் இது ஏறத்தாழப் பொருந்த வேண்டும். பலவீனம், தடுப்பு எதுவும் இல்லாத இரண்டு குழுக்கள், உயிர் 10, அடி 1, எண்ணிக்கை 100-ம் 80-ம். நம் விதிப்படி ஓட்டினால், பெரிய குழுவுக்கு முதல் அடி என்கிறபோது 68 பேர் மிஞ்சுகிறார்கள். சிறிய குழுவுக்கு முதல் அடி என்றால் 56. லான்செஸ்டரின் 60 இரண்டுக்கும் நடுவில் வருகிறது. வித்தியாசம் ஏன் என்றால், அவருடைய கணக்கில் இரு தரப்பும் ஒரே சமயத்தில், விடாமல் அடித்துக்கொள்கின்றன. நம்முடையதில் முறை இருக்கிறது, மீதியை வெட்டி எறிவதும் இருக்கிறது. உங்கள் நிரல் 68, 56 இரண்டையும் தந்தால் அடிக்கும் பகுதி சரியாக இருக்கிறது என்று நம்பலாம். 90 என்றோ 20 என்றோ வந்தால் அடிவாங்கு() மெத்தட்டைத் திறந்து பாருங்கள். யார் முதலில் அடிப்பது என்ற ஒன்றால் மட்டும் 12 பேர் கூடக் குறைய ஆவதால், இப்படிப்பட்ட விளையாட்டை வடிவமைக்கிறபோது வேகம் என்ற எண்ணைக் கவனமாகத் தொட வேண்டும்.

கோட்டைப் படையை ஜெயிக்க வைக்க வேண்டுமென்றால்? மேலே சொன்ன புதிரின் இரண்டாம் பாதி இதுதான். ஒரு தரப்பின் எல்லாக் குழுக்களுக்கும் அடியில் ஒரே அளவைக் கூட்ட வேண்டும்; அந்தத் தரப்பு ஜெயிப்பதற்கான மிகக் குறைந்த கூட்டல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் கோட்டைக்கு 19 கூட்டினால் ஈட்டிக்காரர்கள் சுற்றுக்கு இரண்டு யானை வீதம் சாய்த்து மூன்றே சுற்றில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் 19-தான் மிகக் குறைந்ததா? ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கே இன்னொரு பள்ளம். முதல் சண்டை முடிந்தபோது அந்த ஆப்ஜெக்ட்களில் ஈட்டிக்காரர்கள் 0, வில்லாளிகள் 0. அதே ஆப்ஜெக்ட்களை அடுத்த சண்டைக்குக் கொடுத்தால் அது பிணங்களோடு தொடங்கும். லிஸ்ட்டை நகலெடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். லிஸ்ட்டின் நகல் புது லிஸ்ட்தான், ஆனால் உள்ளே இருப்பவை அதே பழைய குழுக்கள். உள்ளே இருக்கும் குழுக்களையும் சேர்த்து நகலெடுக்கும் ஆழ்நகல் எடுக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, 'படைகளை_உருவாக்கு(கூடுதல்)' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு குழுக்களையும் புதிதாகப் படைத்துக் கொடுப்பது. கூட்ட வேண்டிய அடியையும் அங்கேயே கூட்டிவிடலாம். குழு, சண்டை இரண்டு கிளாஸிலும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

வேகமாகத் தேட வேண்டும் என்று இருகூறுத் தேடலை, அதாவது ஒவ்வொரு தடவையும் தேடும் இடத்தைப் பாதியாக வெட்டும் வழியை, போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டும் அளவு மாறினால் பலம் மாறும், பலம் மாறினால் யார் யாரைக் குறிவைப்பது என்பதே மாறும். 30-இல் ஜெயித்த படை 31-இல் ஜெயித்தே தீரும் என்று இந்த விதிகள் எங்கும் உத்தரவாதம் தரவில்லை, இடையில் இழுபறிகளும் வரலாம். ஒவ்வொன்றாக ஏறிப் போய், ஜெயிக்கும் முதல் எண்ணில் நிறுத்துங்கள். இந்த அளவுச் சண்டைகள் ஆயிரம் ஓடினாலும் கணினிக்கு ஒரு பாரமே இல்லை.